சிவப்புன்னு எழுதின பச்சை

நீங்க என்ன எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கபிரியேல் வாயத் திறந்தா பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டின கதைதான் வரும்னு. முன்வரிசை ஆன்டிங்க இப்பவே கைக்குட்டையை எடுத்தாச்சு, சிரிச்சா கண்ணத் துடைக்க.

உள்ள வைங்க. இன்னிக்கு அது இல்ல.

இன்னிக்கு விஞ்ஞானம். எந்த விளையாட்டு ஆடினா இளவட்டங்களுக்கு மூளை எப்படி வேலை செய்யுது, இதான் தலைப்பு. நடுவுல என் பேரும் வரும். கடைசியில ஒரு சின்ன தோல்வியும் வரும். அதை நீங்க கண்டுக்க வேணாம்.

எங்க வீடு பிரிக்ஃபீல்ட்ஸ்ல, பத்தாவது மாடி. நான், என் மனைவி உர்சுலா, மக டீனா. சனிக்கிழமை ஆனா காலையில எட்டு மணிக்கு நான் பேட்மிண்டன் ஆடக் கிளம்புவேன். ரெண்டு வருஷமா. தோள்ல பை, பைக்குள்ள ராக்கெட், கால்ல வெள்ளைச் சப்பாத்து. லிஃப்ட்ல பார்க்கிறவங்க எல்லாம், "என்ன அங்கிள், ஸ்போர்ட்ஸ்மேன் மாதிரி இருக்கீங்க"ம்பாங்க. மாதிரி. அந்த வார்த்தைய மனசுல வெச்சுக்குங்க.

உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. நான் ஆடுறதில்ல.

பேட்மிண்டன் ஹாலுக்குப் பக்கத்துலயே ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடை. நானும் என் கூட்டாளி விமலனும் அங்கதான். டபுள்ஸ். ஆளுக்கு ரெண்டு ரொட்டி சானாய், தொட்டுக்க டால்ச்சாக் குழம்பு, ஒரு தே தாரிக் டீ. எதிர்ல பெரிய டிவியில யாராவது ஆடிக்கிட்டு இருப்பாங்க. நாங்க அவங்களுக்காகக் கவலைப்படுவோம். அதுவே ஒரு களைப்புதான்.

பத்து மணிக்கு ஹால் பின்பக்கம் போவேன். அங்க ஒரு குழாய். வேர்வைங்கிறது ஒரு கலை. தலையில ஊத்தக் கூடாது, மழையில நனைஞ்ச மாதிரி ஆயிடும். முதல்ல முதுகு, நடுவுல ஒரு கோடு. அப்புறம் கக்கம். நெஞ்சுல ஒரு தெளிப்பு. நெத்தியில நாலு சொட்டு, அதுவும் வீட்டு வாசல்ல வந்து பாட்டில்லேர்ந்து.

உர்சுலா சட்டைய வாங்கி முகர்ந்து பார்ப்பா.

"என்னங்க, உங்க வேர்வையில டால்ச்சா வாசம் வருது?"

"உள்ள போனது வெளிய வருதும்மா."

"சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. காலுறை மட்டும் மொறுமொறுன்னு இருக்கு?"

"எங்க பரம்பரையில யாருக்கும் கால் வேர்க்காது."

"ஓ"ன்னா. அவ்வளவுதான். அந்த "ஓ"வுக்கு நான் அன்னிக்கே பயந்திருக்கணும்.

பிரச்சினை போன மாசம் வந்துச்சு. உர்சுலா சனிக்கிழமை ஆனா சந்திரகலா அக்காவோட லேக் கார்டனுக்கு நடக்கப் போவா. சந்திரகலா அக்கா மக பிரசவத்துக்காக கிள்ளானுக்கு வீடு மாறிட்டாங்க. நடைக்கு ஆள் குறைஞ்சு போச்சு.

"இனிமே சனிக்கிழமை நீங்க என்கூட வாங்க. ஆறரைக்கு. அஞ்சு ரவுண்டு."

"எனக்கு கோர்ட்டு இருக்கேம்மா."

"கோர்ட்டை டிராப் பண்ணுங்க."

"டிராப் ஷாட்டே ஆடுறவன் நான். என்னைப் போய் டிராப் பண்ணச் சொல்றியே."

சிரிக்கல. ஏரியைச் சுத்தி அஞ்சு ரவுண்டு நடக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா உர்சுலா நடக்கறப்ப பேசுவா. நடக்கிற வேகத்துக்குத் தகுந்த மாதிரி பேச்சும் வேகமாகும். அஞ்சாவது ரவுண்டுல என் அக்கா கல்யாணத்துல நடந்த தப்புக்கு வந்துருவா. அது இருபத்திமூணு வருஷத்துக்கு முந்தின கல்யாணம். அந்த ஏரியில தப்பிச்சுப் போக இடமும் கிடையாது. வட்டம்.

அன்னிக்குதான் நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். உயிர் போனாலும் என் சனிக்கிழமைய விட மாட்டேன். எனக்கு உதவிக்கு வந்தது விஞ்ஞானம்.

டீனாவுக்கு இருபத்திரெண்டு வயசு. யூனிவர்சிட்டியில ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், கடைசி வருஷம். ஆராய்ச்சிக் கட்டுரைக்காகப் பசங்களைத் தேடி அலைஞ்சுக்கிட்டு இருந்தா. ராத்திரிச் சாப்பாட்டுல விளக்கினா.

"மூணு குரூப்புப்பா. முதல் குரூப் எதிர்ல ஆள் இருக்கிற விளையாட்டு. பேட்மிண்டன், ஃபுட்சால். அடுத்தது எங்கேருந்து வரும்னு தெரியாது. சட்டு சட்டுனு முடிவை மாத்தணும். ரெண்டாவது நீச்சல், ஓட்டம். குறுக்க யாரும் வர மாட்டாங்க, ஒரே சீரா போயிட்டே இருக்கணும். மூணாவது, ஒண்ணுமே ஆடாதவங்க. மூணு பேருக்கும் ஒரே மூளை டெஸ்டு."

"எதும்மா ஜெயிக்குது?"

"ஜெயிக்கிறதெல்லாம் இல்லப்பா. சட்டுனு மாறுறது, அவசரத்தை அடக்கிறது, இதுல பேட்மிண்டன் பசங்க கொஞ்சம் முன்னால நிக்கிறாங்க. ஞாபகம் வெச்சுக்கிறதுல ஓடுறவங்க நல்லா இருக்காங்க. ஆனா முப்பது பேரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் அடிச்சுச் சொல்ல..."

"போதும்"னு கையைக் காட்டினேன். எனக்கு வேண்டியது முதல் பாதியிலேயே கிடைச்சாச்சு.

"கேட்டியா உர்சு? பேட்மிண்டன் ஆடினா மூளை வளருது. நடை எல்லாம் சும்மா காலுக்குத்தான். எதிராளி வேணும்."

"கல்யாணமும் எதிராளி உள்ள விளையாட்டுதான். இருபத்தாறு வருஷமா ஆடுறீங்க. வளரலையே?"

தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்த டீனாவுக்குப் புரை ஏறிடுச்சு. "அப்பா, இது பதினெட்டுலேர்ந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும்தான். உங்களுக்கு ஐம்பத்திமூணு."

"மனசளவுல எனக்கு இருபத்திநாலு."

"மூளையளவுல அதுக்கும் கீழ"ன்னா உர்சுலா. அப்புறம் பொறுமையா மீன் முள்ளை எடுத்து ஓரமா வெச்சுட்டுச் சொன்னா: "சரிங்க. சண்டை எதுக்கு? டீனா நம்ம ரெண்டு பேருக்கும் டெஸ்ட் வைக்கட்டும். நீங்க பேட்மிண்டன். நான் வெறும் நடை. நீங்க ஜெயிச்சா சனிக்கிழமை உங்களுது, நான் வாயே திறக்க மாட்டேன். நான் ஜெயிச்சா, ஏரி."

இருபத்தாறு வருஷத்துல அவ இவ்வளவு சுலபமா ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டது ரெண்டே தடவை. இன்னொண்ணு எங்க கல்யாணம். அதுலயாவது நான் பாடம் கத்துக்கிட்டிருக்கலாம்.

டீனா ஒரு அட்டைய எடுத்துக் காட்டினா. அதுல மலாய்ல கலர் பேரு. 'மேரா'ன்னு எழுதியிருக்கு, சிவப்புன்னு அர்த்தம். ஆனா எழுதின மை பச்சை.

"என்ன எழுதியிருக்குன்னு சொல்லக்கூடாது. என்ன கலர் மைன்னு மட்டும் சொல்லணும். இப்ப இதுக்கு விடை பச்சை. இப்படி நாற்பது. எவ்வளவு வேகம், எத்தனை தப்பு, அவ்வளவுதான்."

உர்சுலா ஒரு வரிய முயற்சி பண்ணிப் பார்த்தா. தடுமாறிப் போனா. "அலாமாக், கஷ்டம்லா இது"ன்னு அட்டைய வெச்சுட்டா. நானும் முயற்சி பண்ணேன். நானும் தடுமாறினேன். ஆனா தடுமாறுறப்பவே எனக்கு ஒரு யோசனை உதிச்சுது. என் வாழ்க்கையில எனக்கு யோசனை உதிக்கிறப்ப எல்லாம் யாராவது என்னைக் கட்டிப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

உர்சுலா கான்வென்ட் ஸ்கூல்ல படிச்சவ. இங்கிலீஷும் மலாயும் தண்ணி. தமிழ் பேசுவா, ஏசுவா, ரெண்டும் பிரமாதம். படிக்கத் தெரியாது. ஒரு எழுத்து தெரியாது. சர்ச்சுல தமிழ்ப் பூசையில பாடுறதுக்கே இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச பாட்டுத்தாள்தான் வெச்சிருப்பா.

நான் தமிழ்ப் பள்ளி. அதே பூசையில வாசகம் வாசிக்கிறவன். என் குரலைக் கேட்டுத் தூங்கிறவங்க கூட எழுந்துருவாங்க. தமிழ் எழுத்தைப் பார்த்தா என் வாய் சும்மா இருக்காது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரோட்டுல நடந்தா, "பூமாலை இங்கு கிடைக்கும்... கைராசிக்கார ஜோதிடர்... வாகனம் நிறுத்தாதீர்"னு வரிசையா படிச்சுக்கிட்டே வருவேன். "எங்களுக்கும் கண்ணு இருக்குங்க"ம்பா உர்சுலா. "கண்ணு இருக்கு, எழுத்து இல்லையே"ம்பேன்.

ஆக, டெஸ்ட்டைத் தமிழ்ல வெச்சா? ஒரு எழுத்து கூடத் தெரியாதவ எப்படி ஜெயிப்பா?

"டீனா, நாம தமிழங்க. டெஸ்ட்டைத் தமிழ்ல பண்ணும்மா."

டீனா நிமிர்ந்து பார்த்தா. "அப்பா, தமிழ்ல வெச்சா அது..."

"மீன் சாப்பிடு டீனா"ன்னு உர்சுலா அவ தட்டுல ஒரு துண்டை வெச்சா. அப்புறம் நெஞ்சுல கை வெச்சா. "அய்யய்யோ, தமிழ்லயா? என்னங்க இது அநியாயம்? எனக்கு 'அ'ன்னா ஆடா மாடான்னே தெரியாதே! வேணாங்க. நான் தோத்துருவேங்க."

குரல் நடுங்குச்சு. கண்ணு கூட கலங்குச்சு. நானும் மேடையில நாலு பேர் குரல்ல பேசி நடிக்கிறவன். அதுக்காக வீட்டுக்குள்ள ஒருத்தி நடிப்பான்னு நினைப்பு வருமா?

"தமிழ்தான்"னு மேஜையத் தட்டினேன். "முடிவு முடிவுதான்."

"கடவுள் விட்ட வழி"ன்னா. "அப்ப எடத்தையாவது நான் சொல்றேன். உங்க ஹால்லயே வைப்போம். உங்களை அங்க எல்லாருக்கும் தெரியுமே. வர்ற சனிக்கிழமை டீனாவும் அங்கதானே பசங்களை டெஸ்ட் பண்றா."

எனக்கு முதல் தடவையா நிஜமாவே வேர்த்துச்சு. கால் உட்பட.

அந்த ஒரு வாரம் நான் தீவிரப் பயிற்சி. பத்திரிகைத் தலைப்பு, அரிசி மூட்டை, ஊறுகாய்ப் பாட்டில், காலண்டர் பின்பக்கம், கண்ணுல பட்ட தமிழ் எல்லாத்தையும் மடமடன்னு படிச்சேன். உர்சுலா பெருந்தன்மையா ஃபோன்ல நேரம் பார்த்துச் சொன்னா.

"இன்னும் வேகமா படிங்க. பார்த்த ஒடனே வாயில வரணும்."

"எதிராளிக்கே பயிற்சி கொடுக்கிறியே உர்சு."

"என்ன பண்றது. புருஷனாச்சே."

எனக்கே கொஞ்சம் பாவமா இருந்துச்சு. ஜெயிச்சதுக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை அவளுக்கு ரொட்டி பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணிட்டு வரணும்னு நினைச்சுக்கிட்டேன்.

இன்னொரு வேலை பாக்கி இருந்துச்சு. ஹால்ல சின்னையான்னு ஒரு ஜாகா, காவலாளி. கதவு திறக்கிறது, லைட் போடுறது, சப்பாத்துல மண்ணோட வர்றவங்களைத் துரத்துறது எல்லாம் அவருதான். என் வயசுக்குக் கொஞ்சம் இளையவரு. பொய் சொல்லத் தெரியாது. அது ஒரு குறைதான், ஆனா மனுஷனை மாத்த முடியுமா? வெள்ளிக்கிழமையே போய்ப் பிடிச்சேன்.

"சின்னையா, நாளைக்கு வீட்டுல வர்றாங்க. நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேணாம். சும்மா பேசாம இருங்க. அது போதும்."

"யாரும் கேட்காம நான் எதுக்குண்ணே பேசப் போறேன்"னாரு. நியாயமான மனுஷன்.

சனிக்கிழமை. மூணாவது கோர்ட் ஓரமா ஒரு மேஜை. டீனா, லேப்டாப், அட்டைங்க. பேட்மிண்டன் பசங்க ஏழெட்டுப் பேர் டெஸ்ட் முடிச்சுட்டு வேடிக்கைக்கு நின்னாங்க. அதுல கிஷன்னு ஒருத்தன், இருபது வயசு, ஸ்டேட் ஆட்டக்காரன். மலாய் அட்டைய நாற்பத்திநாலு செகண்டுல முடிச்சுருந்தான்.

"அங்கிளும் பேட்மிண்டனா? எந்த டைம் ஆடுவீங்க? நான் பார்த்ததே இல்லையே?"

"நான் ரொம்ப வேகம் தம்பி. கண்ணுக்குத் தெரியாது."

சின்னையா துடைப்பத்தோட சுவரோரமா நின்னாரு. பேசல. வாக்குன்னா வாக்கு.

"நீங்க மொதல்ல ஆரம்பிங்க"ன்னா உர்சுலா. "நான் பார்த்துக் கத்துக்கிறேன்."

டீனா அட்டையத் திருப்பினா. நாற்பது வார்த்தை, பெரிய பெரிய தமிழ் எழுத்து. பார்த்ததும் மனசு நெறைஞ்சு போச்சு. முதல் வார்த்தை, பச்சை மையில எழுதின சிவப்பு.

"சிவப்பு!"ன்னேன். வாசகம் வாசிக்கிற குரல்ல. ஹால் மூலையில ஆடிக்கிட்டு இருந்தவங்க கூட நின்னுட்டாங்க.

"தப்புப்பா. மை."

"மை!"

"மைன்னு சொல்லக் கூடாதுப்பா. மையோட கலரு."

"பச்சை. அடுத்தது, நீலம். இல்ல இல்ல, மஞ்சள். மஞ்சள்னு போட்டிருக்கா? இல்ல அது... நீ... சி... பச்சைன்னு எழுதி... யாரும்மா இதை எழுதினது?"

ஒரு வாரப் பயிற்சி ஒண்ணு விடாம வேலை செஞ்சுது. கண்ணுல பட்ட ஒடனே வாயில வந்துச்சு. வாயைப் பொத்திக்கிட்டு மூளைகிட்ட கெஞ்சினேன். மூளை எனக்கு முன்னாடியே படிச்சு முடிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடுச்சு. பதினேழாவது வார்த்தையில, "நீலம்னு எழுதின சிவப்பான மஞ்சள்"னு ஒரு புதுக் கலரையே கண்டுபிடிச்சேன்.

ரெண்டு நிமிஷம் எட்டு செகண்டு. தப்பு பத்தொம்பது.

பரவாயில்ல. படிச்ச எனக்கே இந்த கதின்னா, படிக்காதவ கதி என்னன்னு நினைச்சுக்கிட்டு நாற்காலியக் காட்டினேன். உர்சுலா வந்து உட்கார்ந்தா. மூக்குக் கண்ணாடியக் கழட்டி மடிச்சு ஹேண்ட்பேக்குல போட்டா.

"ஏம்மா, கண்ணாடி?"

"எதுக்குங்க? படிக்கவா போறேன்?"

வேற ஒரு அட்டை. டீனா ஃபோனைத் தட்டினா.

"பச்சை மஞ்சள் மஞ்சள் சிவப்பு நீலம் பச்சை சிவப்பு நீலம் நீலம் மஞ்சள்..."

ஜெபமாலை சொல்ற மாதிரி. மூச்சே விடல. பாசார்ல மிளகாயப் பச்சை வேற, பழம் வேறன்னு பொறுக்கிப் போடுற மாதிரி அப்படியே பொறுக்கிட்டுப் போனா. இருபத்தொம்பது செகண்டு. தப்பு இல்ல. ஒண்ணு கூட இல்ல. பசங்க கை தட்டினாங்க. கிஷன் எழுந்தே நின்னுட்டான்.

"ஆன்டி, என்னையவே அடிச்சுட்டீங்க லா! என்ன விளையாட்டு நீங்க?"

"நடை தம்பி. லேக் கார்டன்."

"டீனா, இது என்ன கூத்து?"ன்னேன். "ஒரு எழுத்து தெரியாதவ எப்படிம்மா?"

"தெரியாததாலதான்பா. படிக்கத் தெரிஞ்ச மூளை எழுத்தைப் பார்த்தா தானாப் படிச்சுரும். அதை அடக்கிறதுதான் டெஸ்டே. அம்மாவுக்கு அடக்க என்ன இருக்கு? அவங்களுக்கு அது வெறும் கலர் கோடு. அதான் அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க கேட்கல, அம்மா மீனை வெச்சுட்டாங்க."

நான் உர்சுலாவைப் பார்த்தேன். அவ கூரையில லைட்டை எண்ணிக்கிட்டு இருந்தா.

"அப்ப இந்த டெஸ்ட் செல்லாது!"

"தமிழ்தான்னு மேஜையத் தட்டினது யாருங்க?"

"விஞ்ஞானப்படி செல்லாது!"

"கோர்ட்டுக்கு வந்தீங்க, தீர்ப்பு வந்துருச்சு. நாளைக்கு மறக்காம அலாரம் வைங்க. நாளையே ஆரம்பிப்போம். பூசைக்கு முன்னாடி."

ஞாயித்துக்கிழமையும் போச்சு. அங்கதான் என் பொறுமை ஒடைஞ்சுது. தோத்தவன் கடைசியா கையில எடுக்கிறது மானம். நான் மூணாவது கோர்ட் நடுவுல போய் நின்னேன். வாசகக் குரலை எடுத்தேன்.

"உர்சுலா! ஒரு அட்டைய வெச்சு ஒரு ஆட்டக்காரனை எடை போடாத! ரெண்டு வருஷம்! மழைன்னு பார்க்கல, வெயில்னு பார்க்கல! ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வேர்வை சிந்தின இடம் இது! வேணும்னா கேட்டுப் பாரு! சின்னையா, நீங்களே சொல்லுங்க!"

சொன்னதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. யாரும் கேட்காம அவரு பேச மாட்டாரு. இப்ப கேட்டாச்சு.

சின்னையா துடைப்பத்தைச் சுவர்ல சாய்ச்சாரு. என்னை ஒரு பார்வை. உர்சுலாவை ஒரு பார்வை.

"நான் புதுசா என்னண்ணே சொல்றது? போன மாசம் இந்த அக்கா வந்து விசாரிச்சப்பவே, நீங்க சட்டைய நனைக்கிற அந்தக் குழாயைக் காட்டிட்டேனே."